ஏழாம் நம்பர் பலகை

செல்லக்கண்ணு உரம் வைப்பதைப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுதான் போவார்கள். இடது இடுப்பில் கூடை, வலது கையில் ஒரு பிடி. செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வளையல் போல ஒரு வட்டம் விழும். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவாள். ஒருநாள் பண்ணை மேற்பார்வையாளர் திருநாராயணன் விளையாட்டாக அவளைப் பத்துப் பிடி யூரியாவைப் பத்துத் தாளில் போடச் சொல்லித் தராசில் வைத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு கிராம்தான் முன்னே பின்னே. "இந்தத் தராசைத் தூக்கிப் போட்டுடலாம் போலிருக்கே" என்று சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. யாராவது தன் வேலையை இப்படி அளந்து பார்ப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பிறந்தது கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்தில். இருபது வயதில் ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள், இருபது வருஷத்துக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தாள். விஜயநகரில் எழும்பிய எத்தனையோ மாடிகளுக்கு அவள் தலை கலவை சுமந்திருக்கிறது. மஞ்சள் காமாலையில் புருஷன் போன பிறகு சாரத்தில் கால் வைக்கவே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. மகள் சோனியா கல்யாணமாகி நஞ்சன்கூட்டில் ஒரு கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாள். கேசரேயில் ஒற்றை அறையில் தனியாக இருந்த செல்லக்கண்ணுவை, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான் வருணா கிராமத்தைத் தாண்டி இருந்த அந்தப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பண்ணை ஒரு தனியார் கம்பெனியுடையது. வித்துகளிலிருந்து எண்ணெய் எடுத்து அதை டீசல் வண்டிக்கு ஊற்றும்படி மாற்றுகிற கம்பெனி. தலைமை ஆபீஸ் பெங்களூரில். வருணாவில் ஆமணக்கு போட்டிருந்தார்கள். கொட்டமுத்து என்று சின்ன வயதிலிருந்து அவள் பார்த்த செடிதான். ஊரில் அது வேலி ஓரத்தில் தானாக முளைக்கும். அதற்குப் போய்ச் சொட்டுநீர்க் குழாயும் நம்பர் பலகையும் வைத்திருந்தது முதலில் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"இதை யாரும் சாப்பிடப் போறதில்லை, செல்லக்கண்ணு. வண்டிதான் குடிக்கப் போறது" என்று திருநாராயணன் விளக்கினார். "அதனால செடி எவ்வளவு பெருசுங்கறது முக்கியமில்லை. ஒரு ஏக்கர்ல எத்தனை முத்து, முத்துக்குள்ள எத்தனை எண்ணெய், அவ்வளவுதான் கேள்வி."

அவர் மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஐயங்கார். அரசாங்கப் பண்ணையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் இங்கே வந்திருந்தார். மைசூர் அக்ரஹாரத்தில் வீடு. கூலியாட்களிடம் அதிகம் பேசமாட்டார். ஆனால் கேட்டால் பதில் சொல்வார். செல்லக்கண்ணு கேட்பாள்.

நிலத்தை எட்டு நீளப் பட்டைகளாகப் பிரித்திருந்தார்கள். போர்வெல் பக்கம் ஒன்றாம் நம்பர். ரோட்டுப் பக்கம் எட்டாம் நம்பர். ஒவ்வொன்றுக்கும் உரம் வேறு. ஒன்றுக்கு எதுவுமே இல்லை. இரண்டுக்கு விதைக்கும்போது டிஏபி, கூடவே ஜிப்சம், நாற்பதாம் நாள் லேசாக யூரியா. அப்படியே ஏறிக்கொண்டு போய், ஏழில் மூன்று தடவை நிறைய யூரியா, ஜிப்சம் கிடையாது. எட்டில் எல்லாம் எக்கச்சக்கம். எல்லாப் பட்டைக்கும் உரம் வைத்தது செல்லக்கண்ணுவின் கைதான். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தப் பட்டையில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் அவள் கண்ணால் பார்த்தது இது. ஏழாம் பட்டை ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, இலை இலையாக விரிந்து, உள்ளே வெயிலே நுழையாமல் இருண்டு கிடந்தது. குலை தாமதமாக வந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் அந்தக் குலைகளில் பஞ்சு ஒட்டியது போலச் சாம்பல் பூசணம் படர்ந்து, காய்கள் அழுகி விழுந்தன. இரண்டாம் பட்டை இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. செடிக்குச் செடி காற்று போயிற்று. குலைகள் கெட்டியாக, காய்க்குக் காய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மழை பெய்த மறுநாள் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

"ஜிப்சத்துல கந்தகம் இருக்கு. எண்ணெய் வித்துக்கு அது வேணும். யூரியாவைக் கொட்டினா செடி இலையைத்தான் வளர்த்துண்டு நிக்கும்" என்றார் திருநாராயணன். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். மூட்டை மூட்டையாக உரம் வேண்டாம் என்று ஏழை விவசாயிக்குச் சொல்ல முடிந்தால் நல்லதுதானே.

கார்த்திகையில் அறுவடைக்கு முன்னால் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பழைய பலகைகள் வெளுத்துப் போயிருந்தன. அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போய், கம்பெனி சின்னத்தோடு புதிதாக எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார்கள் பெயின்டர் ஆட்கள். அன்றே கம்பெனி ஆள் ஒருவர் வந்து பலகைகளில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டங்களைப் போனில் ஸ்கேன் செய்துகொண்டும் போய்விட்டார். திருநாராயணன் அப்பாவின் திவசத்துக்காக மேல்கோட்டை போயிருந்தார்.

திங்கட்கிழமை காலை செல்லக்கண்ணு கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ரோட்டுப் பக்கம் முதல் பட்டையில் பளபளவென்று ஒன்றாம் நம்பர். அடுத்து இரண்டு. பெயின்டர் ஆட்கள் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து எண்ணி நட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். இலைக்காடாக நின்று அழுகிய ஏழாம் பட்டைக்கு முன்னால் இப்போது இரண்டு என்று பலகை. குலை குலையாய்த் தொங்கிய இரண்டாம் பட்டைக்கு முன்னால் ஏழு.

பத்து மணிக்கு வந்த திருநாராயணன் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அவள் ஓடினாள்.

"சார், பலகையெல்லாம் தலைகீழா நட்டிருக்காங்க சார்."

"என்ன சொல்றே?"

"ரோட்டுப் பக்கமிருந்து எண்ணிட்டாங்க சார். ஏழு ரெண்டாயிருச்சு, ரெண்டு ஏழாயிருச்சு."

அவர் நோட்டை எடுத்து, தான் போட்ட படத்தைப் பார்த்தார். போர்வெல்லுக்கு ஒரு வட்டம், பக்கத்தில் ஒன்று என்று எழுதி அம்புக்குறி. வரப்பில் ஏறி எட்டுப் பட்டைகளையும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "நீ சொல்றது வாஸ்தவம்தான்" என்றார். பெங்களூருக்குப் போன் போட்டார். அங்கே களப்பணிக்குப் பொறுப்பாளர் ரவிக்குமார் என்பவர். வயது முப்பது இருக்கும். ஸ்பீக்கரில் அவர் குரல் செல்லக்கண்ணுவுக்கும் கேட்டது.

"சார், ஸ்கேன் ஆயாச்சு. சிஸ்டம்ல ஏறியாச்சு. இப்போ பலகையைத் தொடாதீங்க. புதன்கிழமை விசிட் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"ரவிக்குமார், இது பலகை சமாசாரம் இல்லை. முடிவே தலைகீழாப் போயிடும்."

"விசிட் முடியட்டும் சார், ப்ளீஸ்."

புதன்கிழமை மூன்று கார்கள் வந்தன. வந்தவர்கள் நேராக நல்ல குலைகள் தொங்கிய பட்டைக்கு முன்னால் போய் நின்றார்கள். "ஏழாவதுதான் பிரமாதம்" என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். திருநாராயணன் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் ரவிக்குமார் அவர் முழங்கையைத் தொட்டார். பிறகு போட்டோ எடுக்க ஒரு பெண் தொழிலாளி வேண்டும் என்றார்கள்.

"அம்மா, இங்க வாங்க. கூடையை இடுப்புல வைங்க. ஒரு குலையைப் பிடிச்சுக்குங்க. கொஞ்சம் சிரிங்க."

அவள் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. எதிரே இருந்த எட்டுப் பத்து முகங்களில் யாரைப் பார்த்துச் சொல்வது, எந்த பாஷையில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரித்தாள்.

விசிட் முடிந்தது. பலகை மாறவில்லை. பலகையில் இருந்த நம்பர்படியே அறுத்து, காயவைத்து, எடை போட்டு, எண்ணெய் அளவுக்கு மாதிரி அனுப்பினார்கள். ஏழாம் நம்பர் உரத்துக்குத்தான் எண்ணெய் அதிகம் என்று முடிவு வந்தது. திருநாராயணன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எந்த விவசாயப் புத்தகத்திலும் இவ்வளவு யூரியாவுக்கு இவ்வளவு எண்ணெய் வந்ததாக இல்லை என்று அதில் சொல்லியிருந்தார். அதனால்தான் இது புதிய கண்டுபிடிப்பு என்று பதில் வந்தது. நோட்டுப் படத்தை நகலெடுத்து அனுப்பினார். அது சிஸ்டத்தில் இல்லாத ஆவணம் என்றார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. பங்குனி முடிவில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

போகிற அன்று அவர் செல்லக்கண்ணுவிடம், "நான் முடிஞ்சதைப் பண்ணினேன்" என்றார். அவள் தலையாட்டினாள். முடிந்தது அவ்வளவுதான் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

வைகாசியில் தம்பி காளியப்பன் ராமாபுரத்திலிருந்து போன் செய்தான். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"அக்கா! உன் படம் நம்ம ஊருக்கே வந்திருக்குதுக்கா!"

"என்ன படம்டா?"

"கம்பெனிக்காரங்க நோட்டீசு குடுத்தாங்க. கொட்டமுத்துப் போட்டா வெதை, உரம் எல்லாம் அவிங்களே தர்றாங்களாம், முத்தையும் அவிங்களே எடுத்துக்குவாங்களாம். நோட்டீசுல நீ குலையப் புடிச்சுட்டுச் சிரிச்சுட்டு நிக்கறே. ஊர்ல அத்தனை பேரும், நம்ம செல்லக்கண்ணு நிக்கறா, அப்பறம் என்னன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. நானும் ரெண்டு ஏக்கர் குடுத்துட்டேன்."

"எத்தனாம் நம்பர் முறைன்னு போட்டிருக்குது?"

"ஏழு."

"ஞாயித்துக்கெழமை நான் வர்றேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினாள். கொள்ளேகாலில் இறங்கி மாறி, ஹனூர் வழியாக ராமாபுரம் போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. காளியப்பன் மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்தான். இரண்டு மூட்டை டிஏபி தவிர அத்தனையும் யூரியா. அவன் மனைவி வடிவு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

செல்லக்கண்ணு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். பலகை, பெயின்டர், ஸ்கேன், போட்டோ. தம்பி குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும் நோட்டீசை எடுத்து அவள் முன்னால் விரித்தான்.

"அப்ப இந்தக் குலை பொய்யாக்கா?"

"குலை நெசம். அதுக்கு வச்ச உரம் இது இல்ல. நாந்தானேடா வச்சேன்! டிஏபி, ஜிப்சம், நாப்பதாம் நாளு கொஞ்சூண்டு யூரியா. அவ்வளவுதான்."

"அப்பறம் நீ ஏன் பக்கத்துல நின்னு சிரிச்சே?"

அவள் நோட்டீசை மடித்து அவனிடமே நீட்டினாள். அவன் விடவில்லை.

"படிச்சவங்க, ஆபீசருங்க, பெங்களூருல மிஷினு வச்சு எண்ணெய் அளந்து போட்டிருக்காங்க. நீ கூலிக்கு எரு வெக்கறவ. தப்பா நெனைக்காதே. நாளைக்கு நான் வேற மாதிரி வச்சு, வெளையலீன்னா, அவிங்க முத்த எடுத்துக்குவாங்களா? காலிச் சாக்கப் போட்டோ எடுத்து அனுப்பணும்னு சொல்லியிருக்காங்க."

"யூரியாவப் பாதியாச்சும் கொறைடா."

"சேரி, கம்பெனிக் கூட்டத்துல கேட்டுப் பாக்கறேன்."

சொன்னபடி கேட்டிருக்கிறான். அதுதான் இன்னும் வினையாகிப் போயிற்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று, உரத்தைக் குறைக்கலாமா, எங்க அக்கா அப்படிச் சொல்லுது என்றிருக்கிறான். வந்திருந்த கம்பெனி அதிகாரி, "உங்க அக்கா எங்க பண்ணையில சயின்டிஸ்டா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்த நோட்டீசில் இருக்கும் பெண்தான் என்று காளியப்பன் சொன்னதும், அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். அவமானத்தோடு வீட்டுக்கு வந்த காளியப்பன், மறுநாளே அடியுரத்தை முழுசாகப் போட்டான். அடுத்த வாரம் வருணா பண்ணைக் கேட்டில் செல்லக்கண்ணுவிடம், ஆள் போதும், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

அவள் மைசூரிலேயே போகடி பக்கம் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தாள். தொட்டியில் மண் நிரப்புவது, ரோஜாப் பதியன்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது. வேலை சுலபம். ஆனால் கை தன்னாலே ராமாபுரத்து நிலத்துக்குப் போய்விடும். இன்று இருபதாம் நாள், இன்று நாற்பதாம் நாள், இன்று இரண்டாவது யூரியா வைப்பான் என்று மனசு நாள் எண்ணிக்கொண்டே இருந்தது. போன் செய்தால் காளியப்பன் எடுப்பான். பட்டும்படாமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான்.

புரட்டாசியில் அவனே கூப்பிட்டான். வந்து பார் என்றான். போனாள்.

செடிகள் அவன் தலைக்கு மேல் நின்றன. கரும்பச்சை. ஒவ்வொரு இலையும் முறம் அகலம். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"என்னக்கா சொல்றே இப்ப?" என்றான். அதில் குத்தல் இல்லை. குழந்தை காட்டுகிற மாதிரி காட்டினான்.

அவள் இலைகளை விலக்கி உள்ளே புகுந்தாள். உள்ளே இருட்டு, மண் ஈரம் காயாத வாடை. குலை அங்கொன்றும் இங்கொன்றுமாக அப்போதுதான் தலை காட்டிக்கொண்டிருந்தது. வருணாவில் இரண்டாம் பட்டை இந்நேரம் காய் பிடித்து நின்றது. ஏழாம் பட்டை இப்படித்தான் நின்றது. அச்சு அசல் இப்படியே.

ஆனால் வெளியே வந்து தம்பியின் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு வேறொன்று தோன்றியது. நான் சொன்னது தப்பாக இருக்கட்டும். என் கண், என் கை, சார் போட்ட படம், எல்லாமே தப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். இந்த மண் வேறு, இங்கே மழையும் குறைச்சல். ஒருவேளை பிழைத்துக்கொள்ளும்.

"நல்லாத்தான் இருக்குதுடா" என்றாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. விட்டு விட்டு ஒன்பது நாள். பத்தாம் நாள் வடிவுதான் போன் செய்தாள். "அண்ணி, குலையெல்லாம் பஞ்சு பஞ்சா ஆயிட்டு வருதுங்க. தொட்டா கையில ஒட்டுது. அவரு காட்டுப் பக்கமே போகமாட்டேங்கறாரு."

செல்லக்கண்ணு போனபோது பூசணம் நிலம் முழுக்க இருந்தது. மருந்து அடிக்கச் சொல்லிக் கம்பெனி ஆள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த இலை நெருக்கத்துக்குள் மருந்து எங்கே போகும்? காய்கள் சாம்பலாய் நொறுங்கி விழுந்தன. அந்த ஊரில் போட்டிருந்த பதினெட்டுப் பேர் நிலத்திலும் இதே கதிதான். மழைதான் காரணம் என்றார்கள் கம்பெனியில். மழை பெய்யாமலும் இல்லை. அதனால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் இல்லை.

அன்று மத்தியானம் வடிவு அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நிலத்தின் மேற்கு மூலையில் ஒரு பெரிய பாறை. அதற்குப் பின்னால் நான்கு சால் ஆமணக்கு. வரப்பிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாது.

"அவருக்குத் தெரியாதுங்க. நீங்க அன்னிக்குச் சொன்னது எனக்கு மனசுலயே நின்னுச்சு. நெலக்கடலைக்கு வாங்குன ஜிப்சம் ஒரு மூட்டை கெடந்தது. அவரு டிஏபியில ரெண்டு படி எடுத்தேன். நாப்பதாம் நாளு ஒரே ஒருவாட்டி யூரியா. இந்த நாலு சாலுக்கு மட்டும்."

செடிகள் வடிவின் தோள் உயரம்கூட இல்லை. குலைகள் கெட்டியாக, காய்க்குக் காய் நெருக்கிக்கொண்டு, காய்ந்து பழுப்பேறி நின்றன. அதே மழைதான் இதன் மேலும் பெய்திருந்தது. செல்லக்கண்ணு ஒரு குலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பியின் ரெண்டு ஏக்கர் போய், தான் சொன்னது சரி என்று ஆகியிருக்கிறது.

"அவருகிட்டச் சொல்லட்டுங்களா அண்ணி?"

"இப்ப வேண்டாம்" என்றாள்.

அந்தச் சாலிலிருந்து மூன்று குலையையும், அழுகிய குலைகளிலிருந்து கொஞ்சம் முத்தையும் பையில் போட்டுக்கொண்டு மைசூர் வந்தவள், மறுநாள் காலை விசாரித்து விசாரித்து அக்ரஹாரத்தில் திருநாராயணன் வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தவர் அவர் மனைவி வைதேஹி. பைக்குள் ஆமணக்கைப் பார்த்ததும், "ஏன்னா, உங்களைத் தேடிண்டு பண்ணையே வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

திருநாராயணன் இளைத்திருந்தார். குலைகளைக் கூடத்து மேஜையில் வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காய்களை உடைத்து முத்துக்களை எண்ணினார். அழுகிய குலையிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த முத்துகளையும் எண்ணிச் சமையல்கட்டுத் தராசில் நூறு நூறாக வைத்துப் பார்த்தார். வித்தியாசம் பாதிக்குப் பாதி. அழுகியதை நகத்தால் நசுக்கினார். உள்ளே சொத்தை.

"இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்றார். பிறகு அவரே, "நாலு சால். ஒரு பாறைக்குப் பின்னாடி. யாரும் அளக்காதது, யாரும் எழுதிவைக்காதது. நம்மைத் தவிர யார் இதை அத்தாட்சின்னு ஒத்துப்பா?" என்றார்.

"நீங்க எழுதிப் பாருங்க சார்."

எழுதினார். அவள் எதிரிலேயே உட்கார்ந்து, படங்களோடு கம்பெனிக்கு ஒன்று, விவசாய இலாகாவுக்கு ஒன்று. கம்பெனியிலிருந்து பதில் இல்லை. இலாகாவிலிருந்து, தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. பொங்கலுக்குப் பிறகு அவர் போன் செய்து அதைப் படித்துக் காட்டினார். 

காளியப்பன் செடிகளை வெட்டிப் போட்டு எரித்தான். ஆமணக்குத் தட்டு இரண்டு நாள் புகைந்தது. அதற்குப் பிறகு கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்தான். அக்கா விட்ட வேலைக்கு, அவள் விட்ட வயதில். ஹூட்டகள்ளியில் ஒரு ஷெட்டில் நாலு பேரோடு தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேசரேக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். பாறைக்குப் பின்னால் இருந்த நாலு சாலைப் பற்றி அதற்குள் வடிவு அவனிடம் சொல்லியிருந்தாள். அதை அவன் வெகு நாள் பேச்சில் எடுக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு, சோற்றைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னான்: "நீ இன்னுங் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம்க்கா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்குள் ஆழமாகப் போயிற்று. எங்கே சத்தம் போட்டிருக்க வேண்டும்? கார்கள் வந்து நின்ற அன்றைக்கா? கூலிக்காரி ஒருத்தி அதிகாரிகள் நடுவில் கூவியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். சொன்னால் சொல்லட்டுமே, குறைந்தது அந்த போட்டோவாவது இருந்திருக்காது. இப்படி முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தாள். அவள் மோரை ஊற்றினாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

வைகாசி மறுபடி வந்தது. மகளைப் பார்க்க நஞ்சன்கூடு போயிருந்தபோது, சோனியா ஒரு காகிதத்தைக் காட்டினாள். கார்மென்ட்ஸில் உடன் வேலை பார்க்கிற ஒருத்தியின் ஊரில் கொடுத்தார்களாம். புதிய தாள், இந்தமுறை கன்னடத்தில். அதே படம். அதே ஏழு. மூன்றாம் நாள் பக்கத்துக் கிராமத்துச் சமுதாய பவனத்தில் கூட்டம் என்று போட்டிருந்தது.

செல்லக்கண்ணு நர்சரிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேடையில் பேசியவர் புதியவர். ரவிக்குமார் இப்போது வேறெங்கோ பெரிய பதவியில் இருக்கிறாராம். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் அவள் எழுந்து நின்றாள். வழியெல்லாம் கன்னடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததுதான். "இந்தப் படத்தில் இருப்பது நான். இந்தச் செடிக்கு உரம் வைத்தது நான். நீங்கள் சொல்கிற உரம் இல்லை அது" என்று உரக்கவே சொன்னாள். 

ஒரு நிமிஷம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் இருந்தவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எல்லாரும் கை தட்டுங்க! நம்ம போஸ்டர் அம்மாவே வந்திருக்காங்க!" என்றார். நூறு பேரும் கை தட்டினார்கள். அவள் மறுபடி பேசினாள். தட்டல் ஓயவில்லை. யாரோ ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். யாரோ செல்ஃபி எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் பவனத்து வாசலில் மூட்டைகள் கொடுக்க ஆரம்பித்தார்கள். செல்லக்கண்ணு வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமாகப் போனாள். இரண்டு பேர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். மல்லம்மா என்று ஒரு விவசாயப் பெண் மட்டும் நின்று கேட்டாள். ஒரு ஏக்கர் தனி ஆளாகப் பயிர் செய்கிறவள். பலகை மாறிய கதையை முழுக்கக் கேட்டாள். அழுகிய குலையைப் பற்றிக் கேட்டாள். ஜிப்சம் எவ்வளவு என்றுகூடக் கேட்டாள். செல்லக்கண்ணு தன் கையை விரித்து, மண்ணை அள்ளி, எத்தனை பிடி, தண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று செய்து காட்டினாள்.

அதற்குள் மல்லம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஆறு மூட்டை யூரியாவை அவள் கொண்டுவந்த கூட்ஸ் ஆட்டோவுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு ஆட்கள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

"நீ சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா" என்றாள் மல்லம்மா கன்னடத்தில். "ஆனா நோட்டீசுல இருக்கறதைப் போடலேன்னா விதையைத் திரும்ப வாங்கிப்பாங்க." மூட்டையின் ஒரு பக்கத்தைக் குனிந்து பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஒத்தையாத் தூக்க முடியல. கொஞ்சம் அந்தப் பக்கம் புடியேன்."

செல்லக்கண்ணு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். ஆறு மூட்டையையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கைத் தூசியைத் தட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.